நாலு அங்குலத்துக்கு மேலே பெய்த மழை

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, சாரதாம்பாள் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து புளி போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக மழை விடவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு, குடம் எல்லாம் குவிந்து கிடந்தன. முந்தின ராத்திரி பூராவும் கொட்டித் தீர்த்துவிட்டு விடிகாலையில்தான் வெறித்தது. மறுபடி பிடித்துக்கொள்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கை ஓடியது.

எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்த பிறகு, கொல்லையின் நடுவில் முள்கம்பி வேலிக்குள் நின்ற, மழை அளக்கிற செம்புக் கருவியின் மேல் பார்வை போனது. பச்சை பிடித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி அதைச் சொல்லிக் காட்டி ஒரு வாரம் ஆகிறது. பாக்கியலட்சுமி, பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாக்காவோடு கலந்துபோன சிட்டி குடும்பத்துப் பெண். தமிழ் வராது. மலாயில் பேசுவாள், நடுவே அக்கா, அப்பா என்று இரண்டு சொல் வரும். பண்டிகை வருகிறது, உன் வீட்டுச் செம்பு தவளை நிறத்தில் நிற்கிறதே, லட்சுமி வேலியைத் தாண்டி வருவாளா என்று அவள் கேட்டிருந்தாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் சாரதாம்பாளுக்கு அது எங்கோ தைத்துவிட்டது.

போனாள். மேலே இருந்த புனலைக் கழற்றினாள். உள்ளே இருந்த கண்ணாடிப் புட்டி கழுத்து வரை நிறைந்திருந்தது. அதைப் பத்திரமாகத் தூக்கி ஓரமாக வைத்தாள். புட்டி உட்கார்ந்திருந்த செம்புக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அடியில் மண் இருக்கிறதா என்று ஒரு விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். நெருநெருவென்று இருந்தது. தண்ணீரை வாழை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, புளியைப் பிசைந்து உள்ளும் புறமும் தேய்த்தாள். செம்பு பளிச்சென்று சிவந்து வந்தது. கழுவிப் பலகை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வாழை மரத்தடியில் கொட்டியது வெறும் தண்ணீர் இல்லை. அது கம்பெனியின் மழை.

*

சாரதாம்பாளுக்கு அப்போது முப்பத்தோரு வயது. பிறந்தது மெர்லிமாவ் பக்கம் ஒரு கித்தா ரப்பர்த் தோட்டத்தில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அவளுடைய அம்மா பால்மரம் வெட்டியவள். மத்தியானம் பால் கொட்டகையிலிருந்து திரும்பும்போதெல்லாம் கணக்கு எழுதுகிற கிராணி இன்றைக்கு இத்தனை ராத்தல் குறைத்து எழுதினான் என்று சொல்லிக்கொண்டே வருவாள். மறுநாளும் அதையே சொல்வாள். வாளியில் எவ்வளவு பால் இருந்தது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும், புத்தகத்தில் இருப்பது உலகத்துக்கெல்லாம் தெரியும். பின்னால் சாரதாம்பாளுக்கே ஒரு கிராணி மாப்பிள்ளையாக வந்தபோது, முதல் மாசத்திலேயே, நீங்க குறைச்சு எழுதுவீங்களா என்று கேட்டாளாம். பொன்னுதுரை இதை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

பொன்னுதுரை தோட்டக் கிராணி இல்லை. மலாக்காவில் ஆற்றின் மேல்பக்கம் பாலம் கட்ட வந்த ஆல்டர்ஸ்லி கம்பெனியில் கிராணி. சீமைக் கம்பெனி. காஜா பெராங்கில் பலகை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பெண்டாட்டியையும் மகள் கோகிலாவையும் கூட்டிவந்து குடிவைத்தார். தெருவில் மரியாதையான ஆள். பேனா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

அவருடைய வேலை என்னவென்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பாலத்துக்குக் கல் தூக்குகிறவர்களும் இரும்பு வளைக்கிறவர்களும் இருந்தார்கள். இவர் தூக்கவும் இல்லை, வளைக்கவும் இல்லை. பாலத்துக்குப் பொறுப்பான எஞ்சினியர் பிரென்ட் துரைக்காக, கம்பெனிக்கு எந்தப் பக்கத்திலிருந்து அடி விழும் என்று எழுதி வைப்பதுதான் இவர் வேலை. கடல் தாண்டி வந்து கட்டுகிற கம்பெனிக்கு இந்த ஊரில் எதுவும் தெரியாது. எந்த மாசத்தில் ஆறு பெருகும், நோன்பு மாசத்தில் மத்தியானத்துக்கு மேல் யார் வேலை செய்வார்கள், சீனப் பெருநாளுக்கு எத்தனை நாள் சிமெண்டு லோரி வராது, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப் போகிறவன் எத்தனை நாள் முன்னாலேயே நின்றுவிடுவான் என்பதெல்லாம் லண்டனில் இருப்பவனுக்கு ஆபத்து. பொன்னுதுரைக்கு அது நாள்காட்டி. அந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆகஸ்டு முடிந்ததும் மலாயாவுக்குச் சுதந்திரம், கொடி மாறும், கொடி மாறினால் ஒப்பந்தம் நிற்குமா என்று லண்டனிலிருந்து கேட்டு எழுதினார்களாம். நிற்கும் என்று பிரென்ட் துரை பதில் எழுதினார். பொன்னுதுரைதான் டைப் அடித்தார்.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு என்று அவர் ஒருநாள் சாப்பிடும்போது விளக்கினார். கல்லுக்கு அடியில் சேறு இருந்தால் அது இன்னார் தலையில், கூலி ஏறினால் அது இன்னார் தலையில். மழைக்கும் அப்படித்தான். காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் எட்டு மணி வரை நாலு அங்குலம் பெய்கிறவரைக்கும் அது கம்பெனி மழை. அதனால் எது கெட்டாலும் கம்பெனி தாங்க வேண்டும். நாலு அங்குலத்தைத் தாண்டினால் அது அசாதாரண மழை. அப்போது கெட்டுப்போன நாட்களை அரசாங்கம் திருப்பித் தரும், அடித்துப்போன சாமானுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு.

"மழையில யாருலா பேரு எழுதி வெச்சிருக்காங்க?" என்றாள் சாரதாம்பாள்.

"எழுதித்தான் வெச்சிருக்கு. பத்தொன்பதாவது பக்கம்" என்றார் பொன்னுதுரை. ரசம் ஊற்றச் சொன்னார்.

மழையை அளக்கும் அந்தச் செம்புக் கருவி முதலில் பாலத்தடியில்தான் இருந்தது. ஒரு மாசத்தில் காணாமல் போனது. செம்புக்குப் பழைய சாமான் கடையில் நல்ல விலை. இரண்டாவதை வைத்தார்கள். அரை அங்குலத்துக்கு மேல் மழை என்றால் வேலை செய்யாமலே அரை நாள் கூலி என்பது ஆட்களுக்குத் தெரிந்ததும், வெயில் காய்கிற நாளில்கூடச் செம்பில் நீர் ஏறத் தொடங்கியது. ஒருநாள் அதில் இருந்தது மழைநீரே இல்லை என்று ஆட்களை மேய்க்கிற மண்டோர் மோந்து பார்த்துச் சொன்னதும் பிரென்ட் துரை அதைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் காஜா பெராங்குக்கு வந்துவிட்டார். கொல்லையில் பலா மரம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, கோழிக்கூடு எத்தனை அடி என்று நாடா பிடித்து அளந்தார். கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட அவசரகாலத்தில் மிஞ்சிய முள்கம்பியைக் கொண்டுவந்து சுற்றி வேலி போட்டார். காகிதத்தில் அளப்பவர் பெயர் பொன்னுதுரை என்று எழுதிக்கொண்டு போனார்.

பொன்னுதுரை ஆறரை மணிக்கெல்லாம் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அளக்க வேண்டியது எட்டு மணிக்கு. ஆக முதல் வாரமே அது சாரதாம்பாளின் வேலை ஆனது. அவளுக்கு அது பிடித்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். கூட வந்த அளவுக் கண்ணாடி அரை அங்குலம்தான் பிடிக்கும். பெரிய மழை என்றால் ஐந்தாறு தடவை ஊற்றி அளக்க வேண்டும். கணக்கு தவறிவிடாமல் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பலகையில் வைப்பாள். கோகிலாவின் பழைய பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் குறிப்பாள். வெறும் எண்ணாக விடவும் மனசு வராது. 0.45, கோகிலாவுக்குக் காய்ச்சல். 1.10, கோழி அடைக்கு உட்கார்ந்தது. 0.00, பசாரில் நல்ல கெம்போங் மீன். சாயங்காலம் பொன்னுதுரை வந்து எண்ணை மட்டும் கம்பெனித் தாளில் மையால் பிரதி எடுப்பார். இப்படி ஒன்றரை வருஷம். அவள் பென்சிலை நம்பித்தான் பிரென்ட் துரை என்றைக்குக் கான்கிரீட் போடலாம் என்று முடிவு செய்தார். துரைக்கு அது தெரியாது.

*

அந்த வெள்ளிக்கிழமை விடியுமுன்பே கம்பெனி லோரி வந்து பொன்னுதுரையை ஏற்றிப் போயிருந்தது. ஆறு ஏறுகிறது என்றார்கள். வீட்டில் அவளும் தூங்குகிற மகளும்தான்.

பலகை மேல் பளபளவென்று இருந்த குவளையைச் சாரதாம்பாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வலது கையைப் பார்த்தாள். மண் தடவ விட்டது ஆள்காட்டி விரல். நனைந்தது எதுவரை என்று கைக்கு நினைவிருந்தது. இரண்டாம் ரேகைக்கு ஒரு நெல் அளவு கீழே. உலைக்கு அரிசி போட்டுத் தண்ணீர் வைக்கிற கை அது. பதினாலு வருஷமாக ஒருநாளும் சோறு குழைந்ததில்லை.

புட்டியில் இருந்ததை முதலில் அளந்தாள். இரண்டு தொண்ணூற்றெட்டு. பிறகு குழாய்த் தண்ணீரைக் குவளையில் பிடித்து, விரலை விட்டு, அதே இடம் வரும்வரை கொஞ்சம் ஊற்றியும் கொஞ்சம் கவிழ்த்தும் சரிசெய்தாள். அந்தத் தண்ணீரை அளந்தாள். ஒன்று முப்பத்துநாலு. இரண்டையும் கூட்டி நோட்டில் 4.32 என்று எழுதினாள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. சாயங்காலம் அவரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

பொன்னுதுரை மறுநாள் மத்தியானம்தான் வந்தார். முழங்கால் வரை சேறு. பாலத்தின் நடுக் கண்ணுக்குக் கட்டியிருந்த சாரம் முழுவதையும் ஆறு அடித்துப் போய்விட்டது. ஆளுக்குச் சேதம் இல்லை. ஏழு வாரத்து வேலை போயிற்று. இது கம்பெனி தலையில் விழுந்தால் லண்டனில் கணக்கைப் பார்த்துவிட்டு, இந்த ஊரே வேண்டாம் என்று மூட்டை கட்டிவிடுவார்கள் என்று பிரென்ட் துரை சொன்னாராம். ஜொகூர் பக்கம் அடுத்த பாலம் கிடைத்தால் பொன்னுதுரைக்கு நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் என்று பேச்சு இருந்தது. அதுவும் போய்விடும். முப்பத்தெட்டு வயதில் அவர் மறுபடி யார் வாசலில் போய் நிற்பது. இதையெல்லாம் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எவ்வளவு?"

"நாலு முப்பத்திரண்டு" என்றாள்.

அவர் அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த மாதிரி, வாயைக் கையால் மூடாமல் சிரித்து அவள் பார்த்ததில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். அதற்குமேல் சொல்ல இருந்ததைத் தீபாவளி கழியட்டும் என்று விட்டாள். தீபாவளி கழிந்தது. கோகிலாவுக்குச் சில்க் கவுன், அவளுக்கு ஜாலான் பெண்டஹாராவில் எடுத்த பச்சைப் புடவை. பொன்னுதுரை பிரென்ட் துரை வீட்டுக்கு ஒரு தட்டு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

*

நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஆள் வந்தார். பெயர் ஜெயபாலன். அரசாங்கம், கம்பெனி, இன்சூரன்ஸ் மூன்றும் ஒப்புக்கொண்டு, நடந்தது என்னவென்று பார்த்து எழுத அனுப்பிய ஆள். முழுக்கைச் சட்டை, மெல்லிய குரல். எல்லோரிடமும் நீங்க வாங்க என்றுதான் பேசினார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பொன்னுதுரையோடு வீட்டுக்கு வந்தார்.

கம்பெனித் தாள்களை ஏற்கெனவே பார்த்துவிட்டேன், முதலில் எழுதிய குறிப்பு எங்கே என்று கேட்டார். பொன்னுதுரை தயங்கினார். பிறகு அலமாரியிலிருந்து பள்ளிக்கூட நோட்டை எடுத்துத் தந்தார். ஜெயபாலன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் அவர் உதடு லேசாக விரிந்தது. மீன் பக்கமாக இருக்கும் என்று சாரதாம்பாள் நினைத்தாள். அவள் தேநீர் கலந்துகொண்டிருந்தாள்.

கொல்லைக்குப் போய், அளப்பது எப்படி என்று ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார். அன்று எட்டு மணிக்கு அளந்த பிறகும் ஒரு மழை பெய்திருந்தது. பொன்னுதுரை வேலிக் கதவைத் திறந்து, புனலைக் கழற்றி, புட்டியை எடுத்தார். கண்ணாடியில் ஊற்றினார். முக்கால் கண்ணாடி வந்தது. எண்ணைச் சொன்னார். ஜெயபாலன் எழுதிக்கொண்டார்.

"புட்டி வழிஞ்சிருந்தா?"

"வழியாது சார். பெருசு."

"ஆறு ஏறின வெள்ளிக்கிழமை வழியலையா?"

பொன்னுதுரை புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக அவர் இந்தப் பக்கமே வந்ததில்லை. சமையலறை வாசலில் தட்டோடு நின்ற சாரதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. கீழே குவளையில் இருக்கும், அதையும் சேர்த்து அளக்கணும் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜெயபாலன் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. தட்டிலிருந்து ஒரு தேநீரை எடுத்துக்கொண்டு, பொன்னுதுரைக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானம்மா?" என்று நோட்டைக் காட்டினார்.

"ஆமாங்க."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும் நான்தான். அவருக்கு நேரம் ஏது."

யார் அளந்தால் என்ன, அளந்தது சரியாக இருந்தால் போதும், அதை நான் எழுதிக்கொள்கிறேன் என்றார் ஜெயபாலன். பொன்னுதுரை மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. ஒரு விஷயம்தான் இருக்கிறது என்று ஜெயபாலன் மெதுவாகத் தொடர்ந்தார். எல்லா நாளுக்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு வார்த்தை இருக்கிறது. காய்ச்சல், கோழி, கோயில். அந்த வெள்ளிக்கிழமைக்கு மட்டும் எண் தனியாக நிற்கிறது.

சாரதாம்பாள் தட்டைப் பார்த்தாள். தீபாவளி வேலை என்றாள். அது பொய்யில்லை.

ஜெயபாலன் வீட்டுக்குள் வந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. தமிழில் வாய்விட்டுப் படித்துச் சொன்னார். அன்று காலை எட்டு மணிக்கு, வழக்கமான முறையில், எந்த நீரும் வீணாகாமல் அளந்தேன், அளவு நாலு முப்பத்திரண்டு. கீழே அளந்தவர் கையெழுத்து. இப்போதே போட வேண்டாம், நிதானமாகப் பார்த்துவிட்டுப் போடுங்கள், திங்கட்கிழமை பத்து மணிக்குப் பண்டார் ஹிலிரில் கம்பெனி ஆபீஸில் வாங்கிக்கொண்டு சாயங்காலச் சிங்கப்பூர் ரயிலைப் பிடிக்கத் தம்பின் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றார். தமிழில் போட்டால் போதும் என்றும் சொன்னார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் சாரதாம்பாள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை பிடித்தது, புளி போட்டது, வாழை மரத்தடி, விரல் ரேகை. ஒன்றையும் விடவில்லை. பொன்னுதுரை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். போடவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அந்த நேரத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தார். எங்கே, செய்து காட்டு என்றார். அவள் விரலை விட்டுத் தண்ணீர் நிறுத்தினாள். அவர் கண்ணாடியில் அளந்தார். ஒன்று முப்பத்தொன்று. கொட்டிவிட்டு மறுபடி. ஒன்று முப்பத்தாறு. கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். ஒன்று இருபத்தொன்பது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திய பாக்கியலட்சுமி, புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து தண்ணீர் விளையாடுகிறீர்களா என்று கேட்டாள். பொன்னுதுரை அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்தார். பத்து தடவை செய்து பார்த்தார்கள். ஒன்றுகூட ஒன்று இருபத்தைந்துக்குக் கீழே வரவில்லை. நாலு அங்குலத்தைத் தாண்ட ஒன்று பூஜ்யம் மூன்று இருந்தால் போதும்.

பொன்னுதுரையின் முகம் தெளிந்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எப்படிப் பார்த்தாலும் நாலுக்கு மேலதான். நீ பொய் எழுதலை சாரதா. கையெழுத்துப் போட்டுடு."

"மேலதான். அதையேதான் நானும் சொல்றேன். இப்படி ஆச்சு, விரல்ல பார்த்து அளந்தேன்னு எழுதிடலாமே."

"விரல்னு எழுதினா அந்த வரிக்கு அப்புறம் ஒருத்தனும் படிக்கமாட்டான்."

அவர் சொன்னது நியாயம்தான். அவளுக்கும் தெரிந்தது. சீமையில் செம்புக் கருவி செய்து, கண்ணாடியில் கோடு போட்டு, பத்தொன்பதாவது பக்கத்தில் எழுதி வைத்தவனிடம் போய் இரண்டாம் ரேகைக்கு ஒரு நெல் கீழே என்று சொன்னால் என்ன செய்வான்? ஆறு ஏறியதை ஊரே பார்த்தது. சாரம் மிதந்து போனதைப் பார்க்காதவன் இல்லை. பெய்த மழை பெய்ததுதான். அதற்காக நாற்பது பேர் வேலையும் தன் புருஷன் வேலையும் போக வேண்டுமா? அன்று முழுக்க அவள் இதையே நினைத்தாள். மசாலா அரைக்கும்போது நினைத்தாள், கோகிலாவுக்குத் தலை வாரும்போது நினைத்தாள். இழுத்துப் பின்னியதில் பிள்ளை வலிக்கிறது என்று அழுதது.

அம்மாவையும் நினைக்காமல் இல்லை. அம்மாவின் வாளி நிறைந்திருந்தது, புத்தகத்தில் குறைந்திருந்தது. இங்கே எதுவும் குறையவில்லை. கூடவும் இல்லை. ஆனாலும் எந்த நீரும் வீணாகாமல் என்ற வரி நெஞ்சில் முள்ளாக நின்றது. வாழை மரத்தடியில் கொட்டிய கை இவள் கை. அந்தத் தாளில் இருக்கப் போவதும் இவள் பெயர். இத்தனை வருஷத்தில் எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் கேட்கப்பட்டதில்லை. கல்யாணப் பதிவில்கூடக் கைநாட்டு போதும் என்று சொல்லிவிட்டார்கள், எழுதத் தெரியும் என்று அவள் சொல்லியும்.

ராத்திரி சோற்றைப் போட்டபோது, ஜொகூரில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பெரிய நிலம் இருக்கிறதாம், மாடுகூடக் கட்டலாமாம் என்று பொன்னுதுரை சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலை அவர் குளித்துவிட்டு வருவதற்குள் சாரதாம்பாள் மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தாள். இங்கிலீஷ் வரிகளுக்குக் கீழே, கையெழுத்துக்கான கோட்டுக்கு மேலே இருந்த இடத்தில், பென்சிலை விட்டுவிட்டு அவருடைய பேனாவை எடுத்து எழுதினாள். இடம் குறைவு. எழுத்தைக் குறுக்கிக்கொண்டாள். புட்டியில் இருந்தது இரண்டு தொண்ணூற்றெட்டு, அது மழை. குவளையில் இருந்ததைப் பண்டிகைக்குத் தேய்க்கும்போது நான் கொட்டிவிட்டேன். விரல் நனைந்த அளவுக்குத் திரும்ப நீர் ஊற்றி அளந்தேன். ஒன்று முப்பத்துநாலு வந்தது. பிறகு என் வீட்டுக்காரர் முன்னால் பத்து தடவை செய்து பார்த்தோம். ஒன்று இருபத்தைந்துக்குக் குறையவில்லை. அவருக்கு இது முந்தாநாள் வரை தெரியாது. பொ. சாரதாம்பாள்.

முந்தாநாள் என்று எழுதிய பிறகு, வெள்ளிக்கிழமை என்றால் அதற்கும் முந்தின நாள் ஆயிற்றே என்று எண்ணிப் பார்த்து, அதை அடித்து, நீங்கள் வந்த வெள்ளிக்கிழமை வரை என்று திருத்தினாள். அடித்த இடத்தில் சின்னதாக இன்னொரு கையெழுத்தும் போட்டாள். கிராணி பெண்டாட்டிக்கு அது தெரியும்.

பொன்னுதுரை சட்டையை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். தாளை எடுத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். திருத்திய இடத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. வெளியே ரொட்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். கோகிலா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் காலில் போடுகிற சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ்ல மாத்தி எழுதறதா இருந்தா எழுதுங்க. சொல் மாறாம எழுதுங்க" என்றாள் சாரதாம்பாள்.

அவர் தாளை நாலாக மடிக்கப் போனார். பிறகு மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்து நாடாவைக் கட்டினார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பேனா மேசையிலேயே கிடந்தது. அவள் அதைத் துடைத்து எடுத்து நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"ஏங்க, அவர்கிட்ட இதைக் குடுத்துடுவீங்கதானே?"

பொன்னுதுரை கக்கத்து ஃபைலை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, பத்து மணிக்குள்ள பண்டார் ஹிலிர் போகணும் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.